முப்பத்தொன்பது பச்சை

"தண்ணியை விட்டுட்டீங்களாமே அண்ணே, நல்ல காரியம். ஆனா எப்பப் பிடிச்சீங்கன்னு சொல்லவே இல்லையே" என்று லேத் மெஷின்காரர் கேட்டதும் பணிமனையே சிரித்தது. ஸ்டோர்க்காரரும் சேர்ந்து சிரித்தார். சாராயத்தை மோந்துகூடப் பார்த்திராத மனிதர் அவர். அவர் விட்டது பச்சைத் தண்ணீரை. குழாயைத் திருகினால் கொட்டுகிற, தெருநாய்கூட யாரையும் கேட்காமல் குடிக்கிற தண்ணீரை.

இரண்டு கிட்னியும் கைவிட்டு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் காலையில் டயாலிசிஸ் சென்டரில் நான்கு மணி நேரம் படுப்பார். மெஷின் இரத்தத்தைக் கழுவி, உடம்பில் சேர்ந்த நீரை இழுத்து வெளியே தள்ளும். சிறுநீர் என்று ஒன்று அவருக்கு வருவதே நின்றுபோயிற்று. உள்ளே போன தண்ணீர் மெஷின் வழியாக வந்தால் உண்டு, இல்லாவிட்டால் காலில் தங்கும், பிறகு நுரையீரலில் தங்கும். அதனால் நாள் ஒன்றுக்கு எழுநூறு மில்லி என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். மாத்திரை விழுங்குகிற தண்ணீரும் காலை டீயும் அதற்குள் அடக்கம்.

பணிமனை மேனேஜருக்குக் கோபம் வந்தால் ஆட்களைத் தண்ணியில்லாத காட்டுக்கு மாற்றிவிடுவதாக மிரட்டுவார். "என்னை எங்க சார் மாத்துவீங்க, நான் ஏற்கெனவே அங்கதான் குடியிருக்கேன்" என்று ஸ்டோர்க்காரர் சொன்னது ஒரு வாரம் பணிமனையில் ஓடியது. சிரிக்க வைக்கத் தெரிந்த ஆள்தான். வாயைக் கட்டத்தான் தெரியாது. ஒன்றரை வருடத்தில் இரண்டு முறை, ஆசை தீரக் குடித்துவிட்டு, மூச்சு முட்டி, ஆம்புலன்ஸில் போய்ப் படுத்து எழுந்தவர்.

அந்தச் சமயத்தில்தான் தங்கையின் கிட்னி அவருக்குப் பொருந்துமா என்று பார்த்த பரிசோதனையின் முடிவு வந்தது. பொருந்தியிருந்தது. தங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து அண்ணனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, நான் ஒண்ணு தர்றேன். அதுல மாத்தமில்ல."

"மாப்பிள்ளை என்ன சொன்னாரு?"

தங்கை ஒரு தடவை பக்கத்தில் நின்ற அண்ணியைப் பார்த்தாள். "அவரு சொன்னதை அப்படியே சொல்லவா?"

"சொல்லும்மா."

"வாயைக் கட்டத் தெரியாத ஆளுக்கு நீ எதுக்கு வயித்தைக் கிழிச்சுக் குடுக்கணும்னு கேக்குறாரு."

ஸ்டோர்க்காரருக்குச் சுருக்கென்றது. மாப்பிள்ளை சொன்னதில் பொய் இல்லை என்பது அதைவிடச் சுருக்கென்றது. மாற்றுக் கிட்னி வைத்த பிறகும் ஆயுள் முழுக்க வேளை தவறாமல் மாத்திரை, சாப்பாட்டில் கட்டுப்பாடு என்று ஆயிரம் இருக்கிறது. இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், தன் உடம்பிலிருந்து அறுத்துக் கொடுப்பதை இவர் ஒரு வருடத்தில் பாழாக்கிவிட்டால் யாருக்கு நஷ்டம்?

"மூணு மாசம் பாக்கலாம்னு சொல்றாரு. வாரத்துக்கு மூணுன்னா முப்பத்தொன்பது தடவை. முப்பத்தொன்பதும் பச்சையா இருந்தா அவரே கையெழுத்துப் போடுறாராம். ஒண்ணு சிவப்பானாலும் அவர்கிட்ட இந்தப் பேச்சை எடுக்கக் கூடாதாம்."

பச்சை, சிவப்பு என்பது சென்டரில் நர்ஸம்மா போடுகிற புள்ளி. ஒவ்வொரு முறையும் படுக்கைக்குப் போகுமுன் தராசில் ஏற்றி எடை பார்ப்பார்கள். உபரி நீர் எதுவும் இல்லாதபோது அவருடைய எடை அறுபத்திரண்டு என்று முதலிலேயே குறித்து வைத்திருந்தார்கள். அதற்கு மேல் இரண்டு கிலோவுக்குள் ஏறியிருந்தால் பச்சை. தாண்டினால் சிவப்பு. குடித்த தண்ணீரை எந்தச் சத்தியத்தாலும் மறைக்க முடியாது, தராசு சொல்லிவிடும். அப்படித்தான் எல்லாரும் நம்பினார்கள்.

"நான் பாத்துக்குறேன்மா. ஒரு சொட்டு கூட விட மாட்டேன்" என்றாள் மனைவி.

"நீங்க பாத்துக்கக் கூடாது அண்ணி. அவரே பாத்துக்கணும். அதுக்குத்தானே இந்தப் பரீட்சை."

முதல் மாதம் அவர் பரீட்சையை யோக்கியமாகவே எழுதினார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அந்த மனிதரைத் திட்டுவதற்கு நிறைய இருக்கிறது, அதற்காக உள்ளதை மறைக்கக் கூடாது. காலையில் ஒரு பாட்டிலில் எழுநூறு மில்லி அளந்து ஊற்றி வைப்பார். டீ குடித்தால் அதே அளவு பாட்டிலிலிருந்து செடிக்கு ஊற்றிவிடுவார். பெரிய டம்ளரை எடுத்து மேல் தட்டில் வைத்துவிட்டு மருந்து அளக்கிற சின்னக் குப்பியில் குடிக்கப் பழகினார். வாய் வறண்டால் கொப்பளித்துத் துப்பினார். துப்புவது இருக்கிறதே, அதுதான் கஷ்டம். வாய் நிறையத் தண்ணீர், தொண்டை கெஞ்சுகிறது, அதைச் சாக்கடைக்குக் கொடுக்க வேண்டும். உப்பைக் குறைத்தார். எலுமிச்சைத் துண்டை நாக்கில் வைத்துச் சப்பினார். மத்தியானம் இரண்டு மணிக்குத் தாகம் உச்சந்தலைக்கு ஏறும்போது ஸ்டோரில் உள்ள பேரிங் பெட்டிகளை ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பிப்பார். எண்ணி முடிப்பதற்குள் ஒரு அலை கடந்துபோகும்.

மனைவி அவருக்கு முன்னால் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினாள். குளியலறைக்குள் போய், தொண்டையில் இறங்குகிற சத்தம் வெளியே கேட்காதபடி குழாயைத் திறந்துவிட்டு, நின்றுகொண்டே குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வருவாள். அவருக்கு அது தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

பன்னிரண்டு பச்சை விழுந்தது. ஒவ்வொரு முறையும் நர்ஸம்மா சார்ட்டைப் படமெடுத்துத் தங்கையின் போனுக்கு அனுப்புவார். நர்ஸம்மா மற்ற நோயாளிகளிடம், "இவரைப் பாத்துக் கத்துக்குங்க, தண்ணியைக் கண்டா தூர ஓடுறாரு" என்று சொல்ல ஆரம்பித்தார். பக்கத்துப் படுக்கைக்குப் புதிதாக வந்த டீச்சரம்மா, "எப்படி சார் முடியுது உங்களால?" என்று கேட்டு, குப்பி, எலுமிச்சை, எண்ணுவது எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார். தங்கை போனில் சொன்னாள், "உங்க அண்ணனுக்கும் ரோஷம் இருக்குன்னு அவரு சொன்னாருண்ணே." அந்த வார்த்தையை ஸ்டோர்க்காரர் நாலு நாள் மனதுக்குள்ளேயே வைத்துச் சப்பிக்கொண்டிருந்தார்.

ஒரு பழக்கம் படிய இருபத்தொரு நாள் போதும் என்று யாரோ எண்ணிச் சொன்னார்களாம். தாகத்துக்கு எண்ணத் தெரியாது. முப்பதாவது நாள் வந்த தாகம் முதல் நாள் தாகத்தின் அண்ணனாக இருந்தது.

ஐந்தாவது வாரம் திங்கட்கிழமை. சனிக்கிழமைக்கும் செவ்வாய்க்கும் நடுவே இருக்கிற அந்த நீண்ட இடைவெளிதான் டயாலிசிஸ்காரர்களுக்கு எமன். அன்று பணிமனையில் ஸ்டோர் கதவுக்கு நேர் எதிரே புதிதாகக் குடிநீர் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். குளிர்ந்த தண்ணீருக்கு நீலக் குழாய். தகரக் கூரை காய்ந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவராக வந்து டம்ளரை வைத்து அழுத்துவதும், அண்ணாந்து ஊற்றிக்கொள்வதும், குரல்வளை ஏறி இறங்குவதும் கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவருக்கு நன்றாகத் தெரிந்தது. பேரிங் பெட்டிகளை மூன்று முறை எண்ணினார். நான்கு மணிக்கு எழுந்தார். வாய் கொப்பளிக்கத்தான் போனார். முதல் வாயைத் துப்பினார். இரண்டாவது வாய் உள்ளே போய்விட்டது.

அதற்குப் பிறகு அவர் குடித்தது எத்தனை டம்ளர் என்று அவருக்கே தெரியாது. குளிர்ச்சி நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்குவது தெரிந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. அவ்வளவு சந்தோஷத்தை அவர் அனுபவித்து வருடக்கணக்கில் ஆகியிருந்தது. அந்தச் சந்தோஷம் ஸ்டோருக்குத் திரும்பி நாற்காலியில் உட்காருகிற வரைக்கும் இருந்தது.

மறுநாள் காலை சென்டருக்குப் போகிற வழியெல்லாம் அவருக்கு எடை தெரிந்திருந்தது. இருபத்திமூன்று வருடம் தராசோடு குடித்தனம் நடத்தியவர். குறைந்தது மூன்று கிலோ ஏறியிருக்கும், சந்தேகமில்லை.

இங்கே அவருடைய வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்டோரில் போல்ட்டு, நட்டு எல்லாம் எண்ணிக் கொடுப்பதில்லை, எடை போட்டுத்தான் கொடுப்பார்கள். டப்பாவோடு நிறுத்து, டப்பா எடையைக் கழித்தால் சரக்கு. ஒரு முறை ஒரு ஃபிட்டர் மிச்ச போல்ட்டுகளைத் திருப்பிக் கொடுக்கும்போது, கனமான டப்பாவில் லேசான டப்பாவின் எடைச் சீட்டை ஒட்டிக்கொண்டு வந்தான். தராசில் எடை சரியாக இருந்தது. பாதி போல்ட்டு அவன் பையில் இருந்தது. ஸ்டோர்க்காரர் தராசைப் பார்க்காமல் டப்பாவைப் பார்த்துக் கண்டுபிடித்தார். அந்த ஃபிட்டரின் வேலை போயிற்று. அவனுடைய பெண்சாதி வந்து அழுதாள். "தராசு என்னைக்கும் பொய் சொல்லாதும்மா, டப்பாதான் சொல்லும்" என்று அவளிடமே இவர் பெருமையடித்துக்கொண்டார்.

டயாலிசிஸ் முடிந்த கையோடு வேலைக்குப் போகிறவர் என்பதால் சென்டருக்கு வேலை உடுப்போடுதான் வருவார். இரும்பு முனை வைத்த பூட்ஸ். இடுப்பில் ஸ்டோரின் சாவிக்கொத்து, முப்பத்தொரு சாவி, ஒரு கிலோவுக்கும் மேலே கனம். சாவியை யார் கையிலும் கொடுப்பதில்லை என்பது அவர் கொள்கை. அறுபத்திரண்டு என்று முதல் நாள் குறித்தபோதும் சாவி இடுப்பில்தான் இருந்தது, பூட்ஸ் காலில்தான் இருந்தது. கழற்றச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அன்று தராசில் ஏறுவதற்கு முன்னால் சாவிக்கொத்தை அவிழ்த்துச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டார். அவ்வளவுதான். ஒரு நிமிட வேலை.

அறுபத்துமூன்று எண்ணூறு.

"பச்சை" என்றார் நர்ஸம்மா. "திங்கக்கிழமை வெயிலுக்கு இங்க எல்லாரும் சிவப்பு. நீங்க ஒருத்தர்தான்."

அவர் படுத்துக்கொண்டார். நர்ஸம்மா குழாய்களை மாட்டி, ஒரு கிலோ எண்ணூறு தண்ணீர் எடுக்கும்படி மெஷினுக்குச் சொன்னார். மெஷின் சொன்னதைச் செய்யும். எடுக்கப்படாத ஒன்றேகால் கிலோ தண்ணீர் அவர் உடம்பிலேயே தங்கியது. சாவி இருந்த இடத்தில் தண்ணீர். டப்பா மாறிவிட்டது. அவருக்கு அது தெரிந்தது. வேறு யாருக்குத் தெரியாமல் போனாலும் அவருக்குத் தெரியாமல் போகுமா?

அடுத்த இரண்டு வாரம் இன்னும் கடுமையாக வாயைக் கட்டி, அந்த ஒன்றேகால் கிலோவைக் கரைத்துவிட்டு, சாவியை மறுபடி இடுப்பில் மாட்டிக்கொண்டுதான் தராசில் ஏறுவது என்று தனக்குத் தானே சத்தியம் செய்துகொண்டார். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். தண்ணீர் குடிகாரன் பேச்சு விடியும் வரைக்கும்கூட நிற்கவில்லை. ஒரு தடவை தப்பித்தவனுக்குத் தாகம் இரண்டு மடங்கு. முன்பெல்லாம் தண்ணீருக்கும் அவருக்கும் நடுவே முப்பத்தொன்பது பச்சை நின்றது. இப்போது பச்சை எப்படியும் விழும் என்று தெரிந்த பிறகு நடுவில் என்ன நிற்கும்?

எட்டாவது வாரம் பூட்ஸும் பைக்குள் போய் ரப்பர் செருப்பு வந்தது. "கால்ல புண்ணு" என்றார். அது இன்னொரு கிலோ. பத்தாவது வாரம் பெல்ட், கைக்கடிகாரம், போன், பர்ஸ் எல்லாம் பைக்குள் போயின. முரட்டு வேலைச் சட்டைக்குப் பதிலாக மெல்லிய பழைய சட்டை. வீட்டில் எழுநூறு மில்லி பாட்டில் தினமும் காலையில் நிரம்பி, இரவுக்குள் ஒழுங்காகக் காலியானது. செடிக்கும் தவறாமல் தண்ணீர் போயிற்று. மனைவி இன்னும் குளியலறையில்தான் குடித்துக்கொண்டிருந்தாள்.

உடம்பு சும்மா இருக்குமா? மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. படுத்தால் யாரோ நெஞ்சில் உட்கார்ந்ததுபோல இருந்ததால் இரண்டு தலையணையை முதுகுக்கு வைத்து உட்கார்ந்தபடியே தூங்கினார். பிரஷர் ஏறியிருக்கிறது என்று நர்ஸம்மா சொன்னபோது, ஆபரேஷனை நினைத்துப் பயம் என்றார். "வாயைக் கட்டி வயித்தைக் கட்டி உடம்பே போச்சுங்க உங்களுக்கு. இன்னும் கொஞ்ச நாள்தான், பொறுத்துக்குங்க" என்று மனைவி அவர் முதுகைத் தடவினாள். அந்தக் கை பட்டபோதெல்லாம் சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வரும். வாயைக் கட்ட முடியாத மனிதருக்கு அந்த ஒரு விஷயத்தில் மட்டும் வாய் கட்டிக்கொண்டது.

தங்கையிடம் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் போனை எடுத்தும்விட்டார். அவள் முந்திக்கொண்டாள். "அண்ணே, முப்பத்துநாலு ஆச்சு. அவரு காலண்டர்ல தினம் எண்ணுறாரு. இன்னைக்கு ஆபீஸ்ல லீவு எழுதிக் குடுத்துட்டேன், ஆறு வாரம். பிள்ளைங்களை எங்க மாமியார் வந்து பாத்துக்குறேன்னு சொல்லிட்டாங்க." அவள் குரலில் இருந்த தெம்பைக் கேட்டபிறகு அவரால், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுவிட்டு வைக்கத்தான் முடிந்தது.

முப்பத்தொன்பதாவது நாள் சனிக்கிழமை. ஆபரேஷன் நடத்தப்போகிற மருத்துவமனையின் பெரிய டாக்டர் சென்டருக்கே வந்து பார்ப்பதாக ஏற்பாடு. தங்கை பையோடு வந்திருந்தாள். இரண்டு நைட்டி, துண்டு, சீப்பு, பிள்ளைகளின் போட்டோ, அவள் கணவன் கையெழுத்துப் போட்ட காகிதம் எல்லாம் பையில் இருந்தன. அண்ணியும் அவளும் பெஞ்சில் ஒட்டி உட்கார்ந்து, எந்த வார்டு, யார் யாருக்குச் சாப்பாடு கொண்டுவருவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்டோர்க்காரர் தராசில் ஏறினார். அறுபத்துமூன்று தொள்ளாயிரம். பச்சை. முப்பத்தொன்பது. நர்ஸம்மா கை தட்டினார். டீச்சரம்மா படுக்கையில் இருந்தபடியே எழுந்து உட்கார்ந்து கை தட்டினார். அவருக்கும் அந்த மாதம் முழுக்கப் பச்சை. அவருடையது நிஜப் பச்சை.

பெரிய டாக்டர் சார்ட்டைப் புரட்டிவிட்டுத் தலையாட்டினார். "நல்லா இருக்கு" என்றார். பிறகு குனிந்து, பேச்சோடு பேச்சாக ஸ்டோர்க்காரரின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்தார். குழி அப்படியே இருந்தது. எல்லாரும் அந்தக் குழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது மேலே வரவில்லை.

ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்து மூச்சை இழுக்கச் சொன்னார். ஒரு இடம், இன்னொரு இடம், இன்னும் கீழே. அவர் முகம் மாறியது.

"இந்தச் சார்ட்டுக்கும் இந்தக் காலுக்கும் சம்பந்தமே இல்லையே. தராசு சரியா இருக்கா?"

"போன வாரம்தான் சார் செக் பண்ணாங்க" என்றார் நர்ஸம்மா. ஸ்டோர்க்காரரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். மெல்லிய சட்டை, வெறும் மணிக்கட்டு, ரப்பர் செருப்பு. "இவரு முன்னாடியெல்லாம் வந்தா சாவிச் சத்தம் கதவுகிட்டயே கேக்கும்" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். "சாவி எங்க சார்?"

அவர் கண் சாப்பாட்டுப் பைக்குப் போனது. நர்ஸம்மா பையைத் தூக்கினார். அதன் கனத்திலேயே அவருக்குப் பாதி புரிந்துவிட்டது. ஒவ்வொன்றாக எடுத்துத் தராசில் வைத்தார். சாவிக்கொத்து. பெல்ட். போன். பர்ஸ். கைக்கடிகாரம். அடியில் பூட்ஸ்.

"எல்லாப் பச்சையும் நான்தான் சார் வெச்சேன்" என்று பெரிய டாக்டரிடம் சொன்னபோது நர்ஸம்மாவின் குரல் உடைந்தது. யாரும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. அதுவே அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

எக்ஸ்ரே எடுத்தார்கள். இதயத்தை ஸ்கேன் பார்த்தார்கள். பிற்பகலில் பெரிய டாக்டர் மூன்று பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். நுரையீரல் நனைந்திருக்கிறது. அதை மெஷினில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிடலாம். மாதக்கணக்கில் அந்தச் சுமையைத் தள்ளித் தள்ளி இதயம் வீங்கிவிட்டது, அது பாதி வேலைதான் செய்கிறது. "இப்ப மேஜையில படுக்க வெச்சா எந்திரிக்க மாட்டாரு."

"எப்ப முடியும் டாக்டர்?" என்று தங்கைதான் கேட்டாள்.

"ஆறு மாசம் ஒழுங்கா இருந்தா மறுபடி பாக்கலாம். இதயம் திரும்பி வரணும். வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

வெளியே வராந்தாவில் தங்கை பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் அழுவாள், திட்டுவாள் என்று ஸ்டோர்க்காரர் எதிர்பார்த்தார். அதற்குத் தயாராகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"ஒரு நாள் சிவப்பு விழுந்திருந்தா என்ன ஆயிருக்கும்ணே?" என்றாள்.

"மாப்பிள்ளை..."

"அவரு கத்தியிருப்பாரு. நானும் கத்தியிருப்பேன். நாலு நாள் சோறு பொங்காம கெடந்திருப்பேன். மறுபடி ஒண்ணுலருந்து எண்ணலாம்னு அவர் வழிக்கு வந்திருப்பாரு. உனக்காக நான் அவர்கிட்ட எவ்வளவு பேசியிருக்கேன்னு உனக்குத் தெரியாது. ஒரு சிவப்புக்காக உன்னை விட்டுருவேன்னா நெனச்சே?"

"பயமா இருந்துச்சும்மா."

"நீ தண்ணி குடிச்சதை என்னால பொறுத்துக்க முடியும். தாகம், குடிச்சிட்ட. மனுஷன்தானே. ஆனா எனக்கே தண்ணி காட்டிட்டியே அண்ணே."

வேறு எந்த நாளாக இருந்தாலும் அந்த வார்த்தைக்கு அவரே ஒரு ஜோக் சொல்லியிருப்பார். அன்று யாருக்கும் அது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. தங்கை எழுந்தாள். கையெழுத்துப் போட்ட காகிதத்தை எடுத்து ஒரு முறை பார்த்துவிட்டு, திரும்பப் பைக்குள்ளேயே வைத்தாள்.

"மாப்பிள்ளைகிட்ட என்னம்மா சொல்லுவே?"

"ஒண்ணும் சொல்ல வேண்டியதில்ல. போன பை போன மாதிரியே திரும்பி வந்தா அவரே புரிஞ்சிக்குவாரு." அண்ணியின் கையை ஒரு தரம் பிடித்துவிட்டு, அண்ணனைத் தொடாமல், படி இறங்கிப் போனாள்.

மெஷினில் கூடுதலாக இரண்டு மணி நேரம் படுக்க வைத்து அனுப்பினார்கள். பஸ்ஸில் ஜன்னலோரம் அவர் உட்கார்ந்தார், பக்கத்தில் மனைவி. சாவிக்கொத்து மறுபடி இடுப்பில் இருந்தது, குத்தியது. வெயில் சீட்டில் விழுந்துகொண்டிருந்தது. எப்போது குடித்தீர்கள், எங்கே குடித்தீர்கள் என்று மனைவி கேட்பாள் என்று காத்திருந்தார். கேட்டால் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம். நீலக் குழாய், முதல் வாய், எல்லாம். அவள் கேட்கவே இல்லை.

"நாளையிலருந்து நெஜமா இருக்கேன்" என்றார். "அறுநூறு போதும். யாருக்காகவும் இல்ல, எனக்காக. ஆறு மாசம்தானே. நீயே பாரேன்."

அவள் எதிர்த்த சீட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நிறுத்தம் கழித்து, கூடையோடு பஸ்ஸில் ஏறியவனிடம் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கினாள். ஒரு லிட்டர் பாட்டில், வெளியெல்லாம் வியர்த்திருந்தது. மூடியைத் திருகித் திறந்து அவர் கையில் கொடுத்தாள்.

"குடிங்க."

அவருக்குப் புரியவில்லை. "எவ்வளவு?"

"வேணும்கிற அளவு குடிங்க. இனிமே என்ன."

கோபமாகச் சொல்லியிருந்தால் அவர் தாங்கிக்கொண்டிருப்பார். அவள் குரலில் கோபம் இல்லை. களைத்துப்போன பெண் ஒருத்தி பேசினாள், அவ்வளவுதான். பாட்டிலின் குளிர்ச்சி அவர் உள்ளங்கையில் ஏறியது. தொண்டை காய்ந்து கிடந்தது. கிட்னி போனதிலிருந்து இவ்வளவு பெரிய பாட்டிலை யாரும் அவர் கையில் கொடுத்ததில்லை. தன்னைப் பார்த்துக்கொள்வதை அவள் கைவிட்டுவிட்டாள் என்று அதைப் பிடித்தபோது தெரிந்தது.

ஒரு சொட்டும் குடிக்காமல் மூடியைத் திருகி இறுக்கினார். "வேணாம். நீயே வெச்சுக்க" என்று அவள் பக்கம் நீட்டினார்.

அவள் எதிர்ப்பக்க ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டிலை வாங்கக் கை நீட்டவில்லை. இறங்குகிற இடம் வரும்வரை அவர் அதை நீட்டிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.